கொடுத்தவர் பெயர்

லாபிஸ் ரப்பர் தோட்டம், மலாயா, 1932 டிசம்பர் 20, இரவு.

இந்த வருஷம் படித்த புத்தகங்களை எழுதி வைத்திருந்த நோட்டை எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வேலையாட்கள் பெயர் பதியும் செக்ரோலை வாங்க என் அறைக்கு வந்தவர் கண்ணில் அது பட்டுவிட்டது.

"அடேயப்பா, இத்தனையும் படிச்சீங்களா தம்பி? பாத்துட்டு நாளைக்குத் தர்றேன்" என்றார்.

எல்லாம் கதைப் புத்தகங்கள்தான். மூன்று மட்டும், பால்மரம் வெட்டுகிறவர்கள் சங்கம் சேர வேண்டும் என்று சொல்பவை. போன மாதம் அவற்றைத் தேடித்தான் போலீஸ் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் புரட்டிப்போட்டது. அந்த மூன்றுக்கும் நேராக, கொடுத்தவன் பெயரை முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். அதே லயத்தில் இருக்கும் பிள்ளைகுட்டிக்காரன்.

ஏன் எழுதினேன்? தினமும் ஆள் பெயர் எழுதும் கை, கட்டத்தைக் காலியாக விடாது. "கட்டம் காலியா இருந்தா துரை கேப்பாரு" என்று பெரிய கிராணியே பழக்கிவிட்ட கை.

இப்போது போய்க் கேட்டால் சந்தேகப்படுவார். அவர் வீட்டில் விளக்கு இன்னும் எரிகிறது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்திலும் அவன் பெயரை எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். விளக்கருகே பிடித்தால் படிக்க முடிகிறது.