மெத்தை வண்டிக்குச் சீட் போட்டோம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள், நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், நெற்றியில் ஒரு சின்ன வீக்கம் மட்டும் உண்டு, அதற்கு யார் காரணம் என்று போகப் போகத் தெரியும். நீயும் மருமகளும் குட்டியும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் எங்களுக்கு எப்போதும் நினைப்பு. போன வாரம் போனில் வண்டி விஷயம் என்ன ஆச்சு என்று நீ கேட்டபோது அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், அதனால் பார்க்கலாம் பார்க்கலாம் என்று மழுப்பிவிட்டேன். இப்போது அவள் தூங்குகிறாள், நடந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், அலுத்துக்கொள்ளாமல் படி.

மெத்தைக் கடைக்காரர் சொந்தமாக லாரி வாங்கிய பிறகு அம்மாவின் வேனுக்கு ஓட்டம் இல்லை என்பது உனக்குத் தெரியும். வித்துட்டு இங்க வந்துடுங்கம்மா, இந்த வயசுல எதுக்கு ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு என்று நீயும் அவள் நல்லதுக்குத்தான் சொன்னாய். பேக்கிங் கம்பெனிப் பெண்களை ஏற்றுகிற வேலைக்குக் கேட்டிருக்கிறேன், வண்டி ஆர்.டி.ஓ. ஆய்வில் தேறாவிட்டால் மறுபேச்சு இல்லாமல் விற்றுவிடுகிறேன் என்று அவளும் உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. காலையில் எழுந்து தலை வாரிப் பின்னிக்கொண்டு, போக இடமில்லாமல், வண்டிச் சாவியை எடுத்து முந்தானையால் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்காருவாள். எனக்கு அதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. அவளிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை.

அந்தக் கம்பெனி ஊருக்கு வெளியே இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸை நிறுத்திவிட்டதால் பெண்கள் மெயின் ரோட்டில் இறங்கி நடந்தே போகிறார்கள். அங்கே இருக்கிற சூப்பர்வைசர் அம்மா, முறையா சீட் போட்டு ஆய்வுல பாஸ் பண்ணிட்டு வாங்க, வேல உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். உடனே அம்மா பழைய வண்டி உடைக்கிற இடத்துக்குப் போய் ஒரு மினி பஸ்ஸின் சீட்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். உறைகளை நான் தைத்தேன், சட்டை தைத்த கைக்கு அது பெரிய வேலை இல்லை, ஆனால் மூலைக்கு மூலை ஊசி ஒடிந்தது. தெருக்கோடி வெல்டர் வண்டிக்கு அடியில் படுத்து டீசல் டேங்க் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் தரையில் துளை போட்டார், போல்ட் பிய்த்துக்கொண்டு வராமல் இருக்க அடியில் இரும்புத் தகடும் கொடுத்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, அம்மா அடுக்க ஆரம்பிக்கும் வரைக்கும். ஒரு மெத்தைக்கும் அடுத்த மெத்தைக்கும் நடுவே காற்றுகூடப் போகாமல் அடுக்கிப் பேர் வாங்கியவள் அல்லவா, சீட்டையும் அப்படியே நெருக்கி வைத்து, இன்னும் ஒரு வரிச புடிக்கும் பாருங்க என்று நின்றாள். அக்கா, மெத்தைக்கு முழங்கால் கெடையாது, மனுஷனுக்கு உண்டு என்று வெல்டர் சொல்லிப் பார்த்தார். நீ உன் வேலையப் பாருப்பா என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

வெள்ளோட்டத்துக்கு நான்தான் பயணி. கடைசி வரிசையில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். அம்மா ஓட்டிய ஓட்டத்தை என்னவென்று சொல்வேன், இத்தனை வருஷம் பின்னால் இருந்த மெத்தை ஒரு வார்த்தை முனகியதில்லை, அந்தத் தைரியம். வேகத்தடையில் நான் எழும்பி முன் சீட்டுக் கம்பியில் மோதினேன், வீக்கம் அப்படி வந்ததுதான். வீடு வந்ததும் இறங்கினாள், கதவைப் பூட்டினாள், உள்ளே போய்விட்டாள். சரக்கு இறக்குகிற நாள் இல்லையென்றால் வண்டியைப் பூட்டிவிட்டுப் போவதுதானே அவள் பழக்கம். சரக்கு வண்டிக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு வேறு, ஜன்னலும் அப்போது வெட்டவில்லை. நான் தட்டுகிறேன், கத்துகிறேன், வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. எங்க போனாரு, சொல்லிட்டுப் போற பழக்கமே கெடையாது இந்த மனுஷனுக்கு என்று வாசலில் நின்று அவள் என்னைத் திட்டுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது, நான் தட்டுவதுதான் அவளுக்குக் கேட்கவில்லை. மோட்டாரை நிறுத்திய பிறகுதான் ஓடி வந்து திறந்தாள்.

நான் வியர்த்து விறுவிறுத்து இறங்கி, சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ள அந்தப் பொண்ணுங்க இருந்து, ஏதாவது ஆகியிருந்தா நான் என்னங்க பண்ணுவேன், எனக்குச் சாமான் ஏத்தத்தான் தெரியும், ஆள் ஏத்தத் தெரியாது, ஆய்வும் வேணாம் ஒண்ணும் வேணாம், வித்துடலாம்னு அவன்கிட்ட சொல்லிடுங்க என்று அழுதாள். அம்மா அழுது நீ பார்த்ததில்லை. எனக்கு ஆறுதல் சொல்லி வராது, பிடிவாதம் பிடிக்க வரும். மறுபடி ஏறி அதே சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி வைக்கிற வரைக்கும் நான் எறங்க மாட்டேன், சாப்பாட்ட இங்கயே கொண்டா என்றேன். கெஞ்சினாள், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார் என்றாள், மானம் போகிறது என்றாள். நான் அசையவில்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னையும் வைத்துக்கொண்டே வெல்டர் கடைக்கு வண்டியை எடுத்தாள். அந்த ஓட்டத்தில் ஒரு குலுக்கல் இல்லை.

அதன் பிறகு உள்கைப்பிடி வந்தது, தடுப்பு போனது, ஜன்னல் வந்தது, சீட்டுக்குச் சீட்டு பெல்ட் வந்தது, ஏறுவதற்கு ஒரு படியும் வந்தது. ஒரு வரிசையை அவளே ஸ்பானர் எடுத்துக் கழற்றினாள். ஆய்வுக்கு வெல்டரும் எங்களோடு வந்தார். ஆய்வாளர் சிரிக்காத மனுஷர். ஒவ்வொரு வரிசையிலும் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே திறந்து இறங்கினார். இன்னொரு வரிசைக்கு இடம் இருக்கே, ஏன் போடல என்று கேட்டார். உக்கார்றவங்களுக்குக் காலு இருக்குதுங்களே சார் என்றாள் அம்மா. நான் வெல்டரைப் பார்த்தேன், அவர் வானத்தைப் பார்த்தார். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இன்றைக்குத்தான் முதல் ஓட்டம். முன் சீட்டில் நான் போனேன். எல்லாரும் பெல்ட் போட்டாச்சா என்று திரும்பித் திரும்பிக் கேட்டு, ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போகிற அளவுக்கு மெதுவாக ஓட்டினாள். பின்னால் ஒரே பேச்சும் சிரிப்பும். கம்பெனி வாசலில் இறங்கும்போது ஒரு பெண், அக்கா நாளைக்கும் வருவீங்கதானே என்று கேட்டாள். தெனமும் வருவேம்மா என்று சொல்லும்போது உன் அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆகவே நீ சொல்லி வைத்திருக்கிற தரகரிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடு. உன் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. லீவு கிடைத்தால் மூன்று பேரும் வாருங்கள், உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை. குட்டிக்கு என் முத்தம், மருமகளுக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். மறக்காமல் ஒன்று செய். இனிமேல் போன் பண்ணுவதாக இருந்தால் சாயங்காலம் பண்ணு. காலையில் அம்மா வேலைக்குப் போயிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா