செருப்புக் கடையில் தேங்காய்

திருவண்ணாமலை,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் சினேகாவுக்கு அம்மா ஆசை ஆசையாய் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் எப்போதும் போல முரண்டு பிடிக்கிறது. அங்கே கனடாவில் நீயும் மாப்பிள்ளை மாறனும் சுகந்தானே, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா. போன் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று பயந்துவிடாதே. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய். இதை எழுதி முடித்து போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்பப் போகிறேன், நடுவில் பேசாமல் முழுசாகப் படி. சேதி நல்ல சேதிதான்டி, சொல்வதற்குள் கை பரபரக்கிறது.

மாட வீதியைத் தோண்டிப் போட்டிருப்பதுதான் உனக்குத் தெரியுமே. கரண்டுக் கம்பியெல்லாம் மண்ணுக்கடியில் போகிறது, புதுக் கால்வாய், கல் பாவிய அகலமான நடைபாதை, எல்லாம் முடிந்தால் இது நம்ம வீதிதானா என்று கேட்பாய். அதுவரைக்கும் கடைக்காரர்களுக்கெல்லாம் தகரக் கடை. ஒரு வரிசை பக்தர்கள் கோயிலுக்குள் போகிற வழியில், இன்னொரு வரிசை தரிசனம் முடித்து வெளியே வருகிற வழியில். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், என் தலையில் இடி விழுந்தது. உங்கப்பா விட்டுப் போன செருப்புக் கடைக்கு உள்ளே போகிற வழியில் இடம் விழுந்தது. சாமி பார்க்கப் போகிறவன் காலில் இருப்பதையே எங்கே கழற்றி விடலாம் என்று தேடுவான், அவனா புதுசு வாங்குவான்? கிரிவலம் சுற்றி, தரிசனம் முடித்து, விட்ட இடத்தில் செருப்பைக் காணாமல் திருதிருவென்று முழிக்கிறானே, அவன்தானே நமக்குச் சோறு போட்டவன், உன்னைப் படிக்க வைத்தவன். அவன் வெளியே வருகிற வழியில் யாருக்கு இடம் விழுந்தது தெரியுமா, நம்ம பக்கத்துத் தேங்காய் பூக் கடை புகழேந்திக்கு. அர்ச்சனை முடித்து வருகிறவன் எவன் தேங்காய் வாங்குவான்? பழைய வீதியில் போகிறவர்களும் வருகிறவர்களும் எங்கள் இரண்டு பேர் முன்னாலும் நடந்தார்கள், யாருக்கும் குறையில்லாமல் இருந்தது.

நானும் புகழேந்தியும் இடத்தை மாற்றிக்கொள்கிறோம் என்று இந்த வீதித் திட்டத்து ஆபீசர் எழிலிடம் போய்க் கேட்டேன். கீழ்பென்னாத்தூர்ப் பெண், உன் வயசுதான் இருக்கும், நல்ல மாதிரி. கடை கைமாற ஆரம்பிச்சா பெரிய ஆளுங்க ஒவ்வொண்ணா வளைச்சுப் போட்டுடுவாங்கம்மா, உங்களைக் காப்பாத்தத்தான் இந்த விதி, யாருக்கு விழுந்துச்சோ அவங்கதான் உக்காரணும், பூட்டிப் போட்டா புது வீதியில இடம் கிடையாதுன்னு சொன்னாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை, ஆனால் நான் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் நீ, ஆடி பொறக்கிற வரைக்கும் பாரும்மா, தேறலைன்னா கடையை ஒப்படைச்சிட்டு எங்கூட வந்துடு, டிக்கெட் போட்டுடறேன்னு கெடு வைத்தாய். நானும் சரி என்று தலையாட்டினேன். போனை வைத்துவிட்டு அழுத அழுகையை உன்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் புகழேந்தி வாடின மாலைகளை அள்ளிக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்தேன், மனுஷன் முகம் செத்துப் போயிருந்தது. எனக்குப் பொறி தட்டியது. கடையைத்தானே மாற்றக் கூடாது, சரக்கை மாற்றினால் யார் என்ன கேட்பது? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று நேரே போய், நீங்க இங்கயே உக்காந்து என் செருப்பை வித்துக் குடுங்க, நான் அங்க உக்காந்து உங்க தேங்காயை விக்கறேன்னு சொன்னேன். அவ்வளவுதான், மனுஷன் எகிறிக் குதித்தார். மூணு தலைமுறையா கற்பூரம் தொட்ட கைம்மா இது, செருப்பைத் தொடுமான்னு கேட்டார். பழைய வீதியில் என் செருப்பு அவர் பூவைப் பார்க்கக் கூடாது என்று நடுவில் படுதா கட்டி வைத்திருந்தவராயிற்றே. எனக்கு வந்ததே கோபம், மலையைச் சுத்திட்டு வர்ற கால் உங்களுக்கு அவ்வளவு இளப்பமாப் போச்சா, அந்தக் கால் நடக்கலைன்னா இந்த ஊர்ல உங்களுக்கும் எனக்கும் ஏதுங்க பொழப்புன்னு கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அதுக்கும் மனுஷன் மசியவில்லை. மசிய வைத்தது அவர் சம்சாரம் சரசு. விக்காத மாலையையெல்லாம் வீட்டுக்குத் தூக்கியாந்தா எத்தினி சாமி படத்துக்குத்தான் நான் போடறது, போய் அந்தம்மா செருப்பை வாங்கியாங்கன்னு விரட்டி விட்டாளாம்!

முதல் நாள் கூத்தைக் கேள். அவருக்குச் செருப்பை வெறுங்கையில் நீட்டத் தெரியவில்லை. பழக்க தோஷம், ஒவ்வொரு ஜோடியையும் அர்ச்சனைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் பவ்வியமாக நீட்டுகிறார். வாங்குகிறவர்கள் உருகிப் போகிறார்கள், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு அம்மாள் செருப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். நான் மட்டும் என்ன ஒழுங்கா, ஒருத்தர் தேங்காய் கேட்டதும் அவர் காலைப் பார்த்து எட்டா ஒன்பதான்னு கேட்டுத் தொலைத்தேன். பௌர்ணமி அன்றைக்கு உச்சிவெயில் ஏறுவதற்குள் தேங்காய் தீர்ந்து கீழ்பென்னாத்தூருக்கு வேன் அனுப்ப வேண்டியதாயிற்று. சாயந்திரமானால் நானும் அவரும் கல்லா டப்பாவை மாற்றிக்கொள்கிறோம், அவர் சரக்குக் காசு அவருக்கு, என் சரக்குக் காசு எனக்கு.

அந்தப் பௌர்ணமிக் கூட்டத்தில்தான் எழில் வந்து நின்றாள். மேலே செருப்புக் கடை என்று போர்டு, கீழே தேங்காயும் பூவும். இது விதியை மீறினது என்று ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு குடும்பத்துக்கும் புது வீதியில் இடமில்லை. இது யார் கடை என்றாள், என் கடை என்றேன். யார் உக்காந்திருக்கீங்க என்றாள், நான்தான் என்றேன். சரக்கு என்று இழுத்தாள், சரக்கைப் பத்தி உன் விதியில ஒண்ணும் இல்லையே கண்ணுன்னு சொல்லிவிட்டேன். போர்டையும் தேங்காயையும் சேர்த்துப் போட்டோ எடுத்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் போட்டோ யார் கைக்குப் போகுமோ என்றே கிடந்தேன்.

நேற்று வேங்கிக்காலில் கடைக்காரர்கள் கூட்டம். எழில் எழுந்து, இவங்க பண்ணினதுல தப்பில்லை, தகரக் கடை இருக்கிற வரைக்கும் இப்படியே நடத்தட்டும்னு சொன்னாள். அது மட்டுமா, புது வீதியில் கடை கொடுக்கும்போது கோயிலுக்குப் போகிறவருக்கு வேண்டிய கடைகளுக்குத் தனிக் குலுக்கல், வெளியே வருகிறவருக்கு வேண்டிய கடைகளுக்குத் தனிக் குலுக்கலாம்! என்னை எழுப்பி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். உன் அம்மா மைக்கில் பேசினாள்டி! என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை, எல்லோரும் கை தட்டினார்கள், புகழேந்திதான் ஜாஸ்தி தட்டினார்.

நாளைக்கழித்து ஆடி பிறக்கிறது, உன் கெடுவும் முடிகிறது. உன்னோடு வந்து இருக்க எனக்கு ஆசை கம்மி என்று நினைக்காதே, உன் முகத்தைப் பார்க்காத நாளெல்லாம் எனக்கு நாளே இல்லை. ஆனால் தோற்றுப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்க மனசு வரவில்லை கண்ணு. கடையைப் புது வீதியில் நிறுத்திவிட்டு, விருந்தாளியாக ஒரு மாசம் ஜம்மென்று வருவேன், அப்போது சமைத்துப் போடு.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு கோணாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, மாப்பிள்ளையையும் குளிக்கச் சொல். டிக்கெட் போடுகிறேன் என்றாயே, போடு, உங்கள் இரண்டு பேருக்கும் கார்த்திகை தீபத்துக்கு. வரும்போது நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வராதே, எப்படியும் தொலைத்துவிடுவாய். வெளியே வருகிற வழியில் புகழேந்தி மாமா தட்டோடு உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு உன் அம்மா,
சந்திரம்மாள்,
செருப்புக் கடை (இப்போதைக்குத் தேங்காய்).