ப்ளவுஸ் போட்டாதான் பாப்பாங்க

மே 17, திங்கள்

வெயில் மண்டையப் பொளக்குது. காலையில ஒம்போதுக்கே மொட்டமாடி தரையில கால் வெக்க முடியல. லாக்டவுன்னு செஞ்சிக் கோட்டைய மூடிட்டாங்க, அதனால மாடியிலயே நின்னு ராஜகிரிய பின்னாடி வெச்சு ரீல்ஸ். நந்தினிக்கு நா தைக்கற மெரூன் ப்ளவுஸ். பக்கத்துல அனந்தபுரத்துப் பொண்ணு, ஞாயித்துக்கெழம கல்யாணம். அம்பது பேருக்கு மேல வரக்கூடாதுன்றதால ஊர் முழுக்க லைவ்ல பாக்கப் போவுது. "முதுகுதான்க்கா கேமராவுல தெரியும், மயில் நல்லா பெருசா வரணும்"ன்னு நாலு தடவ சொல்லிட்டா.

இன்னைக்கு வேலை:
மயில் கண்ணுக்கு கல்
மேட்சிங் மாஸ்க் 2 (பொண்ணு, மாப்ள)
லைவ், 11 மணி
துணி ஊற வெச்சது (மறந்தாச்சு)

ஃபோன் புடிச்சது என் வீட்டுக்காரருதான், எப்பவும் போல. அவரு வேல பாத்த துணிக்கடை பூட்டுனதுல இருந்து செல்வம்தான் என் கேமராமேன். வீடியோவுல ரெண்டு எடத்துல அவரு இருமல். பாட்டு போட்டு மறைச்சேன். "தொண்டையில தூசுடி"ன்றாரு. தூசாதான் இருக்கும்.

மே 18, செவ்வா

உடம்பு கொதிக்குது அவருக்கு. "மாடி வெயில்ல நிக்க வெச்ச இல்ல, அதான்"ன்னு என் மேலயே பழி. கசாயம். பின்ரூம்ல படுக்கை.

நந்தினி மெசேஜ்: "அக்கா வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா? அம்மா கேக்க சொன்னாங்க." துணி வாங்கறதுக்கு முன்னாடி இப்பல்லாம் எல்லாரும் கேக்கற கேள்வி. இருமற வீட்டுத் துணிய யாரும் தொட மாட்டாங்க. நா இன்னா போட்டேன்? "சூப்பரா இருக்கோம் டா." கூட ஒரு பூ பொம்ம வேற.

கொரியர் இல்ல. பால் வண்டி அண்ணன் கையில குடுத்து அனுப்பிட்டேன். ப்ளவுஸ் 1, மாஸ்க் 2. கவர் மேல மஞ்சத்தண்ணி தெளிச்சேன். யாரை ஏமாத்த, தெரியல.

மே 19, புதன்

ரெண்டு பேருக்கும் கொரோனா டெஸ்ட் எடுத்தாச்சு. மூக்குல குச்சி விட்டதுக்கு அவரு போட்ட சத்தத்துல வரிசையில நின்ன பொம்பளைங்க சிரிச்சிட்டாங்க. எனக்கும் சிரிப்பு வந்துது. அதான் இன்னைக்குக் கடைசி சிரிப்பு.

என் ப்ளவுஸ் பேஜ்ல "எல்லாரும் பத்திரமா இருங்க"ன்னு எழுதிப் போட்டேன். பதினாலு லைக். பதினோராயிரம் பேர் இருக்கற பேஜ்! பின்ரூம்ல இருந்தே அவரு: "எழுத்து போட்டா எவளும் நிக்க மாட்டா. ப்ளவுஸ் போட்டாதான் பாப்பாங்க. எத்தினி தடவ சொல்லித் தர்றது உனக்கு?"

சோறு வேணான்றாரு. ரசம் ரெண்டு வாய்.

மே 20, வியாழன்

பாசிட்டிவ்.

கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாங்க. எதிர்வீட்டு அக்கா ஜன்னலச் சாத்துன சத்தம் கேட்டுச்சு. எனக்கு நெகட்டிவ். எனக்கு வந்திருக்கக் கூடாதா, பாவி.

ஆக்சிஜன் பாக்க வெரல்ல மாட்டற மிஷின் சுகாதார நர்ஸம்மா குடுத்தாங்க. "தொண்ணூத்தி நாலுக்குக் கீழ போனா உடனே கூப்டும்மா." காலையில 95. மத்தியானம் 93. குப்புறப் படுக்க வெச்சா 94. நர்ஸம்மாகிட்ட ஃபோன்ல சொன்னேன். மாத்திரை, குப்புறப் படுக்கை, பெட்டுக்குப் பேர் எழுதியிருக்கு.

நந்தினிக்கு சொல்லணும். மூணு தடவ டைப் பண்ணி மூணு தடவ அழிச்சேன். அவ ப்ளவுஸ போட்டுப் பாத்து ஃபோட்டோ அனுப்பியிருக்கா, திரும்பி நின்னு. மயில் கண்ணு மினுங்குது. "செம்மக்கா!!!" சொன்னா பேஜ் போச்சு. சொல்லலன்னா நா இன்னா மனுஷி. சொல்லல.

மே 21, வெள்ளி

88.

கூப்ட எல்லா எடத்துலயும் பெட் இல்ல. விழுப்புரத்துல ஆஸ்பத்திரி வாசல்லயே ஆம்புலன்ஸ் வரிசையா நிக்குதாம். வல்லத்துல இருக்கற எங்க அண்ணன் அவருக்குத் தெரிஞ்ச நாலு பேர்கிட்ட கேட்டுப் பாத்துட்டாரு. "பாக்கறோம்"ன்னாங்களாம். எல்லாரும்தான் பாக்கறாங்க.

காலையில ஒம்போதரைக்கு பேஜ்ல போட்டேன். வெறும் எழுத்து போட்டா ஓடாதே. அதனால முதல்ல பச்சை ப்ளவுஸ் ஃபோட்டோ, தள்ளுனா ரெண்டாவதா: "என் வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் பெட் வேணும், செஞ்சி, அவசரம்." அவரு சொல்லிக் குடுத்த புத்திதான்.

பத்து நிமிஷத்துல கமெண்ட் கொட்டுது. ஓடிப் போய்ப் பாக்கறேன்.

"ப்ரைஸ் ப்ளீஸ்"
"அக்கா பச்சை ஸ்டாக் இருக்கா"
"ப்ரைஸ்?"
"எல்போ ஸ்லீவ் வருமா சிஸ்"
நெருப்பு பொம்ம, நெருப்பு பொம்ம, இதயம்.

ஒருத்தியும் தள்ளிப் பாக்கல! நாசமாப் போங்கடின்னு கத்தி ஃபோன கட்டில்ல வீசிட்டேன். அப்புறம் அவருக்கு முதுகு தட்டறது, கஞ்சி, துணி மாத்தறது.

நாலு மணிக்குத்தான் எடுத்தேன். ப்ரைஸ் ப்ரைஸ் ப்ரைஸ்க்கு நடுவுல ஒண்ணு. 9.52க்கு. "திண்டிவனத்துல ஒரு பெட் காலி. உடனே இந்த நம்பருக்கு அடிங்க." உடனே அடிச்சேன்.

"ஒரு மணி வரைக்கும் பாத்தோம்மா. வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்."

ஆறு மணி நேரம் கட்டில் மேலயே கெடந்துது. அவரு கால்மாட்டுல.

அவருகிட்ட சொல்லல. குளியல் ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டு அழுதேன். கடவுளே, ப்ளவுஸ் தைக்கறவளுக்கு இவ்ளோ பெரிய தண்டனையா.

மே 22, சனி

86. பேசுனா மூச்சு வாங்குது. உதடு ஒரு மாதிரி நிறம்.

காலையில எட்டு மணிக்கு லைவ். எப்பவும் பதினொண்ணுக்குத்தான், இன்னைக்கு முன்னாடியே. ஃபோன் புடிக்க ஆள் இல்ல, அரிசி டப்பா மேல சாச்சு வெச்சேன். ப்ளவுஸ் தொங்கவிடற எடத்துல அவரு கைய நீட்டச் சொல்லி, வெரல்ல மிஷின். 86ன்னு செவப்பா தெரியுது. அந்தக் கைதான் இத்தன நாளா ஃபோன் புடிச்சுதுன்னு சொன்னேன்.

"அக்கா ப்ளவுஸ் எங்க?"ன்னு ஒருத்தி. அப்பதான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். பாட்டு போட்டு இருமல மறைச்சது. நல்லா இருக்கோம்னு பொய் சொன்னது. "நந்தினி, நீ பாக்கறியான்னு தெரியல. அந்த ப்ளவுஸ போட்டுக்காதம்மா. என்ன மன்னிச்சுடு."

கமெண்ட் வர ஆரம்பிச்சுது. இந்தத் தடவ ஒண்ணு விடாம வாய்விட்டுப் படிச்சேன். "இப்படியும் ஏமாத்துவீங்களா." படிச்சேன். "த்தூ." படிச்சேன். "கடவுள் இருக்காரு சிஸ்." படிச்சேன். "திருவண்ணாமலையில ஒரு ஆக்சிஜன் பெட், நா அங்க நர்ஸ், பொங்கலுக்கு உங்ககிட்டதான் ப்ளவுஸ் எடுத்தேன், பத்தரை வரைக்கும் புடிச்சு வெக்கறேன், வந்துடுங்க." அத ரெண்டு தடவ படிச்சேன்.

மணி எட்டே முக்கால். ஆம்புலன்ஸ் ஒண்ணும் இல்ல, எல்லாம் வெளிய. ஷேர் ஆட்டோக்காரங்க ஏழு பேரக் கேட்டேன். "அந்த நோட்டீஸ் ஒட்டுன வீடா? வேணாம்மா, எனக்கும் புள்ளைங்க இருக்குது." தப்பு சொல்ல முடியாது. நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன்.

9.05க்கு நந்தினி மெசேஜ்.

"ப்ளவுஸ் வெயில்ல கெடக்குது. அம்மா கத்திக்கினு இருக்காங்க. நாளைக்கி கல்யாணத்துக்கு பேசி வெச்ச வண்டி இங்கதான் நிக்குது, ஜன்னல் தொறந்து ஓட்டறேன்னு டிரைவர் சொல்லிட்டாரு. உங்கள திட்டறதுக்கு கல்யாணத்துக்கு அப்புறம் நேரம் இருக்குக்கா. லொகேஷன் போடுங்க."

போட்டுட்டேன்.

பை எடுத்தாச்சு. ஆதார், லுங்கி 2, சொம்பு, சார்ஜர். வண்டி வர்ற வரைக்கும் எழுதறேன். 85.

கண்ணத் தொறந்து கேக்கறாரு: "லைவ்ல... ஃபோன யாரு புடிச்சா?"

"அரிசி டப்பா, மாமா"ன்னேன்.

"ஆடாம... புடிச்சுதா?"

ஹாரன் அடிக்குது