லுவாங்குவாவுக்கு வரவிருந்த மாப்பிள்ளை

வின்டர்தூர், சுவிஸ்
9.8.1987

அன்பு மகள் சிவகலாவுக்கு,

அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் இங்கே சுகமாக இருக்கிறோம், சாம்பியாவில் தனியாக இருந்து படிப்பிக்கிற உனக்கு ஒரு காய்ச்சல் தலையிடி வராமல் இருக்க நல்லூரானை நாள்தோறும் கும்பிடுகிறேன். நாங்கள் உன்னிடம் வரும்போது போகப் போகிற காட்டுப் பயணத்துக்கு நீ எழுதிய ஆயத்தங்களை அப்பா பாடமாக்கிவிட்டார். செப்டெம்பர் கடைசியில் தண்ணீர் வற்றி மிருகங்கள் எல்லாம் லுவாங்குவா ஆற்றங்கரைக்கு வரும், மழை தொடங்கினால் வீதியும் இல்லை மிருகமும் இல்லை என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்லுகிறார். மண்ணிறத்தில் ஒரு காற்சட்டை வாங்கினார், அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றால் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் மாதிரி இருக்கிறார், நான் சிரித்தால் கோபம் வருகிறது. பயணப் பத்திரம் பேர்னில் இருந்து வந்துவிட்டது. மஞ்சட் காய்ச்சல் ஊசி போட்ட பிறகு எனக்குக் கை தூக்க முடியாமல் தம்பிதான் சோறு வடித்தான், குழைந்துவிட்டது, ஆனாலும் சாப்பிட்டோம். பெட்டி கூடாது, துணிப்பைதான் ஜீப்பில் வைக்கச் சரி என்றாய், அதுவும் வாங்கியாயிற்று. நடந்து போகிற நாளில் காப்புச் சத்தம் கேட்கக் கூடாது என்றாய், காப்பைக் கழற்றி வைக்கிறேன் பிள்ளை, தாலிக்கொடியைச் சட்டைக்குள்ளே விட்டுக்கொள்கிறேன்.

இனி எழுதப் போகிறதைச் சில நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். ஏசினாலும் பரவாயில்லை, முழுக்க வாசி. தம்பி வரமாட்டான். அவன் வேலை செய்கிற ரெஸ்ரோறண்டில் அந்த மாதம் லீவு இல்லை என்று வைகாசியிலேயே சொல்லிவிட்டார்கள், அதை உனக்கு எழுத வேண்டாம் என்று அவன் வாயை அடைத்தது நான்தான். எல்லாருக்கும் ஓர இருக்கை கிடைக்க வேண்டும் என்று ஜீப்பில் நாலு பேருக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று நீ பார்த்துப் பார்த்து ஒழுங்கு பண்ணினாயே, அந்த நாலாவது இடத்துக்கு நான் வேறு ஒருவரை ஆயத்தம் பண்ணினேன். இங்கே பாடன் நகரில் இருக்கிற என் சிநேகிதி ஞானேஸ்வரியின் தம்பி நித்தியானந்தன், மெஷின் செய்கிற கொம்பனியில் படம் வரைகிற வேலை, குடி வெறி இல்லை, சாதகமும் பொருந்தி இருந்தது. உனக்குச் சொன்னால் ஓம் என்று சொல்ல மாட்டாய் என்று தெரியும். ஊரில் என்றால் பொம்பிளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவோம், மாப்பிள்ளை பகுதி தற்செயலாகக் கும்பிட வந்த மாதிரி நின்று பார்த்துவிட்டுப் போகும், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. உன் அப்பாவும் என்னை அப்படித்தான் கோயில் தேர்முட்டியடியில் பார்த்தவர். அங்கே உன்னைக் கூட்டிக்கொண்டு போக எந்தக் கோயில் இருக்கிறது, அதனால் காட்டைப் பிடித்தேன். தம்பிக்குக் கடைசி நேரத்தில் லீவு இல்லாமல் போய்விட்டது, அவனுடைய சிநேகிதன் வந்திருக்கிறார் என்று அங்கே வந்து இறங்கியதும் உனக்குச் சொல்லுவதாக நானும் ஞானேஸ்வரியும் கதைத்து வைத்தோம். அப்பாவுக்கும் தம்பிக்குப் பதிலாக அவனுடைய சிநேகிதன் வருகிறார் என்றுதான் சொல்லி வைத்தேன். நீ எங்களுக்கென்று அக்கறையாக எழுதின புத்திமதி எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் பாவம், ஊசி போட்டு, தூரக் கண்ணாடி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து பழகிக்கொண்டு இருந்தார்.

போன கிழமை உன் கடிதம் வந்தது. நடைப் பயணத்தை ஏன் எடுத்தேன் தெரியுமோ அம்மா, துவக்கோடு முன்னுக்குப் போகிற காவலாளி ஒருத்தரையும் வாய் திறக்க விடமாட்டார், அந்த நாட்களிலாவது கல்யாணக் கதை இல்லாமல் உங்கட பிள்ளையாகச் சும்மா இருக்கலாம் என்று பகிடியாக எழுதியிருந்தாய். அப்பா வாசித்துவிட்டுச் சிரித்தார். நான் அதை வாங்கித் திரும்ப வாசித்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு எங்களைப் பார்க்கப் போகிறாய் என்று ஆசையோடு ஓடித் திரிந்து ஆயத்தம் பண்ணுகிறாய், பெத்த தாய் நான் அதற்குள்ளே பொறி வைத்துக்கொண்டு இருக்கிறேன். அன்றைக்கே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. நீர் போட்ட முடிச்சை நீரே போய் அவிழும் என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தக் காற்சட்டையை மடித்து அலுமாரிக்குள் வைத்தார்.

அடுத்த நாள் ரயில் எடுத்துப் பாடனுக்குப் போனேன். ஞானேஸ்வரி பலகாரம் எல்லாம் வைத்துக்கொண்டு இருந்தாள், நான் விஷயத்தைச் சொன்னதும் தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து, எங்கட தம்பியை என்ன, யானைக்குக் காட்டவோ கொண்டு போகப் பாத்தனீங்கள், கை வீங்கிக் காய்ச்சலில கிடந்தவன் தெரியுமோ என்று ஏசினாள். அவள் கேட்டதில் என்ன பிழை. அப்போது நித்தியானந்தன் வேலையால் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் அக்காவைத்தான் பார்த்தார். அன்ரி, உங்கட மகளுக்குத் தெரியும் எண்டுதான் அக்கா எனக்குச் சொன்னவ, மிருகத்தைத்தான் ஒளிச்சு நிண்டு பாக்கிறது, ஒரு மனுசியை அப்பிடிப் பாக்க நான் வருவன் எண்டு நினைச்சியளோ என்று கேட்டார். குரல் உயர்த்தவில்லை. என்னை ஸ்ரேசன் வரைக்கும் கொண்டு வந்து விட்டவரும் அவர்தான். நல்ல பிள்ளை. ரயிலில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருந்தேன், எதிரே இருந்த சுவிஸ்காரி சுகமில்லையோ என்று கேட்டாள்.

நான் ஏன் இப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். உனக்கு வயது போகிறது என்பதெல்லாம் வெளியில் சொல்லுகிற கதை. உன் கடிதம் ஒவ்வொன்றிலும் யேசுதாசன் மாஸ்டர் என்று ஒரு பெயர் வருகிறது. காட்டில் நாங்கள் தங்கப் போகிற முகாமை விசாரித்துச் சொன்னது அவர், வீதி எப்போது காயும் என்று கேட்டு வந்தது அவர், உனக்கு மலேரியா வந்த நேரம் கஞ்சி வைத்துத் தந்ததும் அவர். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று நீ எழுதவில்லை. வேதக்காரர் என்று பெயரிலேயே தெரிகிறது. நான் கேட்கவில்லை, கேட்டால் நீ ஒளிக்காமல் பதில் சொல்லிவிடுவாய் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் பாடனுக்கு ஓடினேன். என்னை மன்னித்துக்கொள் பிள்ளை. என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை என்றால் ஒரு வரி எழுது, அப்பா மட்டும் வரட்டும், அவர் உன்னைக் காணாமல் இனி இருக்க மாட்டார். நான் வரலாம் என்றால் காட்டிலும் வீட்டிலும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், இது முருகன் மேல் ஆணை.

நீ நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். மலேரியாக் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, வெறும் வயிற்றில் போடாதே. தம்பியின் இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது, யேசுதாசன் மாஸ்டரை வரச் சொல்லு. நாங்கள் நிற்கிற நாளில் புரட்டாசிச் சனி வருகிறது, அன்றைக்கு அவர் எங்களோடு மரக்கறி சாப்பிடுவாரோ என்று மட்டும் கேட்டு எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
தில்லைநாயகி