புல் எண்ணும் வகுப்பில் பத்துப் பேர்

நவம்பர் 18, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை பிவிசி பைப் அறுத்தது. காபி அப்புறம்தான். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம், பிள்ளைக்கு ஒன்றாகப் பத்து. தரையில் போட்டு, உள்ளே என்னென்ன செடி, எத்தனை என்று எண்ண வேண்டும். மூலைக்கு வைக்கும் எல்போ ஒன்று குறைந்தது. பத்தாவது சட்டத்துக்கு அந்த மூலையில் சணல் கட்டு.

மேகம். புழுக்கம். நேற்றுத் துவைத்த துணி இன்னும் காயவில்லை.

இவர், என் வீட்டுக்காரர், சிவகாசிக்கு, பிரஸ்ஸுக்குக் கிளம்பும்போது தரையில் கிடந்த தூளைப் பார்த்து: "பிளம்பிங் வேலைக்கே போயிருக்கலாம் நீ. அதுக்காவது ஆள் தேடுறான்." காலண்டர் சீசன், அந்த அலுப்பு. ஆனால் வாசலில் கிடந்த சட்டங்களை மிதிக்காமல் தாண்டித்தான் போனார்.

நாளைக்கு:
– தண்ணீர், முதலுதவிப் பெட்டி
– போன் எல்லாம் கேட்டில் கொடுக்கணும், இன்றே சொல்
– எல்லாரும் பருத்தி உடை
– பழைய சாக்கு இரண்டு

அப்ளைடு கெமிஸ்ட்ரி பிள்ளைகளுக்கு மைனர் பாடம் சூழலியல். எடுத்திருப்பது பத்துப் பேர். குறைந்தது பத்துப் பேர் வேண்டும் என்பது விதி. அடுத்த செமஸ்டரில் மைனரை மாற்ற விரும்புகிறவர்கள் வெள்ளி சாயங்காலம் ஐந்துக்குள் படிவம் கொடுக்க வேண்டும், அதில் என் கையெழுத்தும் வேண்டும். ஒன்பது ஆனால் பாடம் இல்லை. நான் மணிக்கணக்கு ஆசிரியை. பாடம் இல்லையென்றால் ஜனவரியில் நானும் இல்லை.

து.த. (துறைத்தலைவர்) வராந்தாவில் நிறுத்தி, "பத்தைப் பத்திரமா பாத்துக்கோங்க" என்றார். கோழிக்குஞ்சு மாதிரி.

வகுப்பில் விக்னேஷின் நோட்டு. கல்லூரி மைதானத்தில் அவன் சட்டத்துக்குள் இருந்தது மூன்று தும்பை. எழுதியிருந்தது ஐந்து. "ரவுண்டா இருக்கட்டும்னு போட்டேன் மேடம்." அடித்துத் திருத்த வைத்தேன். மூன்று என்றால் மூன்று. ஒன்றுமே இல்லையென்றால் சைபர். சைபரும் கணக்குதான்.

நவம்பர் 19, புதன்

சிரிக்கவா, அழவா.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட். தீபாவளிக்கு அப்புறம் மூடியது, அடுத்த வாரம்தான் பூஜை போட்டுத் திறக்கிறார்கள். வெடிமருந்து இல்லை, ஆள் இல்லை. ரூமுக்கும் ரூமுக்கும் நடுவே விதிப்படி விட்ட வெற்று நிலம். ஒரு மாத மழையில் அங்கே என்ன முளைத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். அதற்குத்தான் முதலாளியிடம் அனுமதி வாங்கியிருந்தேன்.

கேட்டிலேயே போர்மேன். நெற்றியில் திருநீறு, கையில் இளநீர்.

"வாங்க மேடம். காலேஜுல இருந்து பாக்க வர்றாகன்னு முதலாளி சொன்னாக. ரெண்டு நாளா ஆறு பேரை விட்டு சுத்தம் பண்ணிருக்கேன். ஒரு புல்லு காட்டுங்க பாப்போம்!"

ஒரு புல் இல்லை. செம்மண், மொட்டையடித்த தலை மாதிரி. ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர்க் கோடு. பத்துப் பிள்ளைகளும் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

விக்னேஷ்: "மேடம், சைபரும் கணக்குதான? பத்து சைபர் எழுதிட்டு வீட்டுக்குப் போயிருவமா?"

போர்மேன் முகம் வாடிவிட்டது. "ஏன் மேடம், எதும் விட்டுப்போச்சா?"

"இல்லண்ணாச்சி. ரொம்பச் சுத்தம்." வேறென்ன சொல்ல.

பிடுங்கிய பெண்கள் ஆறு பேரும் கேட் ரூம் நிழலில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். என் பத்துப் பிள்ளைகளில் மாரிச்செல்வி அவர்களில் ஒருவரைக் காட்டி, "எங்கம்மா, மேடம்" என்றாள். பேச்சியம்மா. என் வயதுதான் இருக்கும். எதற்கு வந்தோம் என்று மகள் சொன்னதும் அவர் இடுப்பில் கை வைத்தார்.

"நான் புல்லு புடுங்கி ஒன்னயப் படிக்க வச்சா, நீ அந்தப் புல்லை எண்ணவா காலேஜுக்குப் போற?"

ஆறு பேரும் சிரித்தார்கள். செல்வியும். நான் கொஞ்சம் தாமதமாக.

பிடுங்கியதெல்லாம் சுவருக்கு வெளியே பள்ளத்தில். வாடிக் கிடந்தது. குவியலை எண்ணினால் எத்தனை என்று தெரியும், எது எங்கே இருந்தது என்று தெரியாதே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"எங்கனன்னா? எனக்குத் தெரியாதா டீச்சர்? நாந்தான புடுங்குனேன்."

ஒரு கத்தை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வரிசையாகச் சட்டம் போடச் சொன்னார். செடியை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் திரும்ப வைத்துக்கொண்டே போனார். "இந்த ரூம் வாசல்ல அம்புட்டும் குப்பைமேனி. இங்கன நாயுருவி, சேலையில ஒட்டி உசுரை வாங்கிருச்சு. அங்கன, மருந்து கழுவுன தண்ணி போற எடம், கோரையைத் தவிர ஒண்ணும் வராது. வருசா வருசம் அப்படித்தான்."

விக்னேஷ் சிரிப்பை நிறுத்தி எழுத ஆரம்பித்தான்.

ஒரு இடத்தில் மூக்கிரட்டை என்றார். கூட இருந்த முத்தக்கா விடவில்லை. "ஏ பேச்சி, அது சாரணை. கண்ணாடி போடு."

"ஒன் கண்ணுக்கு எல்லாமே சாரணைதான். சோத்தைக் கூட சாரணைம்ப."

வாடிய செடி, பூ இல்லை. எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை, சொன்னேன். ஆறு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். "டீச்சருக்கே தெரியலையாம்!" நோட்டில் எழுதியது: மூக்கிரட்டை அல்லது சாரணை.

கிளம்பும்போது ஒரு தப்பு செய்தேன். அடுத்த தடவை ஒரு மூலையை மட்டும் பிடுங்காமல் எங்களுக்கு விட முடியுமா என்று கேட்டேன். பேச்சியம்மாவின் சிரிப்பு நின்றது. "காஞ்ச புல்லு திரி மாதிரி டீச்சர். ஒரு பொறி போதும். அது மட்டும் கேக்காதீக."

இத்தனை வருடம் பாடம் எடுத்தும் புல்லை அப்படிப் பார்த்ததில்லை.

நவம்பர் 20, வியாழன்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

அறிக்கையில் "முறை" என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதுவது? "பிடுங்கியவர்களின் நினைவு" என்று எழுதச் சொன்னேன். உள்ளது அதுதான்.

மதியம் செல்வி வந்தாள். கையில் படிவம். மைனர் மாற்றம்: சூழலியலில் இருந்து தொழிற்சாலைப் பாதுகாப்பு.

"அம்மா மாத்தச் சொன்னாங்களா?"

"இல்ல மேடம். அம்மா நேத்துல இருந்து தெருவெல்லாம் சொல்லுது, டீச்சர் நான் சொல்லச் சொல்ல எழுதுனாகன்னு. இத நானாத்தான் எடுத்தேன்."

"பாடம் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு மேடம்." நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மருந்துத் தண்ணி போற எடத்துல கோரையைத் தவிர ஒண்ணும் முளைக்காதுன்னு அம்மா வருசா வருசம் சொல்லுது. நேத்துத்தான் மொதத்தடவ அத நீங்க எழுதுனீக. போர்மேன் அண்ணாச்சி பக்கத்துல நின்னு கேட்டாரு, எழுதல. அத எழுதுற வேலையில, சேஃப்டி ஆபீசரா, நான் இருக்கணும் மேடம்."

படிவத்தைக் கையில் வாங்கினேன்.

"நான் போனா ஒம்பது ஆயிரும்ல? விக்னேஷ் சொன்னான். நீங்க இருன்னு சொன்னா இருந்துக்கிறேன் மேடம்."

அது உன் கவலை இல்லை என்றேன். வெள்ளி நாலு மணிக்கு வா என்றேன். படிவம் என் பையில். டிபன் பாக்ஸுக்கு அடியில். ஒரு மூலையில் எண்ணெய் பட்டுவிட்டது.

து.த.வுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்ல வேண்டாம். நாளைக்கு லீவு போட்டுருங்க. அஞ்சு மணிக்கு மேல படிவம் செல்லாது. முடிஞ்சது." நல்ல மனிதர். எனக்காகத்தான் சொன்னார்.

வரும் வழியில் சூலக்கரைக் கடையில் எல்போ வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

லீவு போடவில்லை. மறுபடி மேகம்.

பத்து மணிக்குக் கல்லூரி வாசலில் பேச்சியம்மா. ஏழாயிரம்பண்ணையில் இருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். நல்ல சேலை. ஈரத்துணியில் சுற்றி வேரோடு ஒரு செடி. கொத்தாகச் சின்னச் சின்ன ரோஸ் பூ.

"பாருங்க டீச்சர். மூக்கிரட்டை. நோட்டுல 'அல்லது'ன்னு எழுதுனீகல்ல, அத அடிங்க."

மூக்கிரட்டைதான், சந்தேகமில்லை. ஆனால் இது வேலியோரம் நின்ற வேறு செடி, அன்றைக்குப் பிடுங்கியது அல்ல. சொல்லவில்லை. கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"செல்வி மாத்தப் போறாளாம்ல. வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பா. அவ இதுல இருந்தா நானும் அப்பப்ப ரெண்டு சொல்லலாம்ல."

செல்வி ஏன் மாறுகிறாள் என்று சொன்னேன். மருந்துத் தண்ணி, எழுதாத போர்மேன், எல்லாம். டீயைக் கீழே வைத்தார். "அப்படியா சொன்னா?" இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்று சொல்லச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறவில்லை.

சணல் கட்டிய சட்டத்துக்குப் புது எல்போ மாட்டி அவரிடம் கொடுத்தேன். அடுத்த தடவை பிடுங்கும் முன்னால் இதைப் போட்டு எண்ணிவிட்டுப் பிடுங்குங்கள் என்றேன். தூக்கிப் பார்த்தார்.

"பஸ்ஸுல இதுக்கும் டிக்கெட் கேப்பான் டீச்சர்."

ஆனால் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். காவலாளி எழுந்து வழிவிட்டார்.

இப்போது மணி இரண்டரை. படிவம் மேஜையில், எண்ணெய்க் கறையோடு. செல்வி நாலு மணிக்கு வருவாள். ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவாள். அம்மாவும் அதைத்தான் கேட்கிறார், து.த.வும் அதைத்தான். எனக்கும் அதுதான் வேண்டும்.

விக்னேஷை ஐந்தை அடித்து மூன்று என்று எழுத வைத்தவள் நான்.

கையெழுத்துப் போடப் போகிறேன். ஒன்பது என்றால் ஒன்பது. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.