ஸ்கேனருக்குத் தப்பிய கல்யாணம்

ஜனவரி 9

லே ஊரின் ஸ்கரா பகுதியில் டிரான்ஸ்பார்மர் பழுது. மின்சார இலாகா வேலை, மதியம்வரை கம்பத்தடியில் நின்றேன். மைனஸ் பதினெட்டு. வீட்டுக்கு வந்தால் அதைவிடக் குளிர்: அப்பாவும் தங்கை யாங்டோலும் இன்றும் பேசிக்கொள்ளவில்லை.

தங்கைக்கு அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை ஆங்ரூப், கணவாய்க்கு அந்தப் பக்கம் கேலாங் ஊர்க்காரன், டாக்சி ஓட்டுகிறான். அப்பாவும் லேவில் முப்பது வருடம் டாக்சி ஓட்டியவர். சிக்கலே அதுதான். வெளியூர் வண்டி இங்கே சவாரி ஏற்றக் கூடாது என்று சங்கத்தில் சண்டை போட்டு விதி கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். மகளைக் கூட்டிக்கொண்டு போவதும் சவாரிதான் என்பது அவர் கட்சி. கல்யாணத்துக்கு வர மாட்டாராம். அம்மா இல்லாததால் எஷே சித்தி தன் வீட்டில் எல்லாம் நடத்துகிறாள்.

யாங்டோல் என்னிடம் வந்தாள். “அண்ணா, படம் நீயே எடு. என்னைக்காவது அப்பா மனசு மாறினா காட்டணும். அவர் என்னத்த விட்டாருன்னு அவருக்குத் தெரியணும்.”

ஒப்புக்கொண்டேன். இரண்டு நிபந்தனை. ஃபிலிமில்தான் எடுப்பேன். வேறு யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது.

“கறுப்பு வெள்ளையா?”

“ஆமா.”

“என் கல்யாணத் தலையணில இருக்கிற அத்தனை நீலக் கல்லும் சாம்பலாத் தெரியும்.”

“சாம்பல்லயே நிறைய வகை இருக்கு” என்றேன்.

கதவை அறைந்து சாத்தினாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 17

கல்யாணம் முடிந்தது. சித்தி வீட்டு வாசலில் கூடையோடு நின்று எல்லார் போனையும் பிடுங்கிப் போட்டேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரிய மாமா, “எல்லைச் சாவடில கூட என்னை எவனும் இப்படி நிறுத்தினதில்லடா, துண்டுப்” என்று என்னைத் திட்டினார். இருந்தும் கொடுத்தார்.

முற்றத்தில் பனியும் வெயிலும். ஆறு ரோல் எடுத்தேன். வெளிச்சம் அருமை. சாயங்காலம் மின்சாரம் போனது. மின்சார இலாகாக்காரனின் தங்கை கல்யாணம். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஏழாவது ரோலில் கொஞ்சம் பாக்கி இருந்தது. சமையலறை வாசலில் நின்று, உள்ளே அடுப்பு வெளிச்சத்தையும் ஆவியையும் பார்த்து அமுக்கித் தீர்த்தேன். யார் யார் இருந்தார்கள் என்றே தெரியவில்லை. நானூறு வேக ரோலுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், அந்த இருட்டில் ஒன்றும் விழுந்திருக்காது. பாக்கி வைத்து எனக்குப் பழக்கமில்லை, அதற்காக எடுத்தேன்.

அப்பா வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் யாங்டோல் நிமிர்ந்து பார்த்தாள்.

ஜனவரி 20

ஃபிலிம் கழுவ இங்கே கடை கிடையாது. தில்லிதான். பனியில் கணவாய் மூடிவிட்டது, விமானம்தான். விமானம் என்றால் ஸ்கேனர். அந்தக் கதிர் கழுவாத ரோல் மேல் பட்டால் படம் புகை மூடியதுபோல் ஆகிவிடும். புது மெஷின்கள் ஒரே தடவையில் வேலையை முடித்துவிடுமாம். தபாலில் அனுப்பினாலும் அதே கதி, என் கண் மறைவில் நடக்கும், அவ்வளவுதான்.

ஊரில் இன்னும் ஃபிலிம் போடுகிறவர்கள் நானும் நண்பன் முதுப்பும்தான். அவனிடம் போனேன்.

“எல்லா டப்பி மேலயும் 3200ன்னு எழுதி ஒட்டு” என்றான். “நானூறுன்னா ‘ஒண்ணும் ஆகாது, மெஷின்ல போடு’ன்னு தள்ளுவானுங்க. மூவாயிரத்து இருநூறுன்னா அது ரொம்ப வேகமான ரோல், துளி வெளிச்சத்தையும் பிடிக்கும், கதிர் பட்டா சீக்கிரம் கெட்டுப்போகும். கையால பாத்துட்டு விட்டுருவானுங்க. ஃபிலிம்காரனுங்க எல்லா ஊர்லயும் பண்றதுதான்.”

“பொய் இல்லயா?”

“நம்பர்டா.”

ஒட்டினேன். கையெழுத்து அழகாகவே வந்தது.

ஜனவரி 24

லே விமான நிலையம். ரோல்களைக் கோஞ்சா அங்கியின் மடிப்பில், கச்சைக்கு மேலே செருகியிருந்தேன். பையில் வைத்தால் பையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம். டப்பி தகரம். உலோகம் கண்டுபிடிக்கும் வளைவுக்குள் நுழைந்ததும் கோயில் மணிபோல் அடித்தது.

காவலர் என் நெஞ்சைத் தடவி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மேஜையில் ஏழு டப்பி. வரிசையில் என் பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். பெண் அதிகாரி ஒருவர் வந்தார்.

“என்ன இது?”

“ஃபிலிம் ரோல், மேடம். மூவாயிரத்து இருநூறு. மெஷின்ல போட்டா கெட்டுரும்.”

“உள்ள என்ன?”

“தங்கச்சி கல்யாணம்.”

“போன்ல யாராவது எடுத்திருப்பாங்கல்ல?”

“இல்ல மேடம். தடை பண்ணியிருந்தோம்.”

“யாரு தடை பண்ணது?”

“நான்தான்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு டப்பியைக் காதருகே வைத்துக் குலுக்கினார். டப்பிகளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை மட்டும் வெடிமருந்து தேடும் கருவியில் வைத்துப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் காவலரிடம், “விட்டுருங்க. இவருக்கு வீட்டுலயே போதுமான தண்டனை கிடைக்கும்” என்றார்.

விமானம் ஏறியதும் என் கண் நிறைந்துவிட்டது. ஒரு ரோலும் மெஷினுக்குள் போகவில்லை.

ஜனவரி 25

தில்லி. ஃபிலிம் கழுவும் குரானாவின் கடையில் கொடுத்தேன். கூட்டம். டப்பிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “துணிச்சலான ஆளு சார் நீங்க” என்றார். நன்றி சொன்னேன்.

ஜனவரி 27

போச்சு.

டப்பியில் எண் எழுதியிருந்தால் அது கடைக்காரருக்குச் சொல்கிற செய்தி: இந்த வேகத்துக்குக் கழுவு என்று. அது எனக்கும் தெரியும். நானே எத்தனையோ முறை அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். குரானா 3200க்குக் கழுவியிருக்கிறார். மருந்தில் ரொம்ப நேரம் ஊறவிட்டார். பனி வெயிலில் எடுத்த ஆறு ரோலும் வெந்துபோயின. பிரிண்டில் தலையணி இருக்கிறது. அதன் கீழே முகம் இல்லை, வெறும் வெள்ளை.

“உங்க கையெழுத்துதானே சார்?” என்றார். என் கையெழுத்துதான்.

என்ன மனுஷன்டா நீ, துண்டுப். ஸ்கேனர் பண்ணாததை நீயே பண்ணிட்டியே. போனையெல்லாம் வேற பிடுங்கி வச்ச — யார் முகத்துல போய் முழிப்ப?

“கடைசி ரோல்ல கடைசி ரெண்டு மூணு மட்டும் நல்லா வந்திருக்கு. இருட்டுல எடுத்தீங்க போல, அதுக்கு இந்தக் கழுவல் சரியா இருந்துச்சு. யாரோ அடுப்படில உக்காந்து சாப்பிடறாங்க” என்றார் குரானா. மீதியைப் பார்க்காமல் உறையை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 28

திரும்பும் விமானம். தில்லிக் காவலர் உறையைத் தொட்டு, “ஃபிலிமா? கையால பாக்கணுமா?” என்று மரியாதையாகக் கேட்டார். இப்போதுதான் கேட்க வேண்டுமா?

“வேணாங்க. மெஷின்லயே போடுங்க. கழுவின ஃபிலிமை அது ஒண்ணும் பண்ணாது” என்றேன்.

ஜனவரி 29

பக்கத்துச் சோக்லம்சரில், கணவாய் திறக்கும்வரை யாங்டோலும் ஆங்ரூப்பும் வாடகைக்கு இருக்கும் அறைக்குப் போனேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். உறையைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினாள்.

“இதுல இவரு எங்க?”

“அந்த வெள்ளை.”

“நான்?”

“பக்கத்து வெள்ளை.”

ஆங்ரூப் மட்டும் சிரித்தான். அவள் முறைத்ததும் டீ போடப் போய்விட்டான்.

கடைசிப் படங்கள் வந்தன. சித்தியின் சமையலறை. அடுப்பு, ஆவி, அண்டாக்கள். எல்லாம் புள்ளிபுள்ளியாக, ஆனால் தெளிவாக. மூலையில் ஒருவர், குல்லாவைப் புருவம்வரை இறக்கி, போர்வையைச் சுற்றிக்கொண்டு, மடியில் தட்டோடு. வாய் நிறைய.

யாங்டோல் படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள்.

“அப்பா” என்றாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். அப்பாதான். அடுத்த படத்தில் சித்திக்குத் தட்டை நீட்டுகிறார்.

“அண்ணா, ரெண்டாவது தடவை வாங்கறாரு பாரு” என்றாள். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. வாசலில் நின்று அமுக்கினேனே, என் முன்னாலேயே இருந்தாரே.

சித்திக்குப் போன் செய்தேன். “பின்வாசல் வழியா வந்தாரு. சொன்னா இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்னு மிரட்டிட்டாரு” என்றாள். “நல்லாச் சாப்பிட்டாருடா.”

பிப்ரவரி 3

காலையில் யாங்டோல் வந்தாள். என்னிடம்கூடப் பேசாமல் நேரே போய் அந்தப் படத்தை அப்பாவின் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“யாரு எடுத்தது?”

“நான்தான்” என்றேன்.

“புள்ளிபுள்ளியா இருக்கு. மூஞ்சியே சரியா விழல. இதுக்கா தில்லிக்குப் போன?”

யாங்டோல் எதிரில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டீயைக் குடித்தார். ஆறிப்போயிருக்கும், இருந்தாலும் குடித்தார். பிறகு எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். அங்கே ஆங்ரூப் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். இறங்க அவனுக்குத் தைரியம் இல்லை.

“வெளியூர் நம்பர் வண்டிய நடுரோட்டுல நிறுத்தி வச்சிருக்கான் பாரு, மடையன். சங்கத்துப் பசங்க பாத்தா பிடிச்சுருவானுங்க” என்றார்.

குல்லாவை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கேட்டின் கீழே பனி இறுகியிருந்தது. மண்வெட்டியை எடுத்து அதை வெட்டி, கேட்டை முழுக்கத் திறந்தார். பிறகு நடுவில் நின்று, முப்பது வருடம் டாக்சி ஓட்டியவர் கையைக் காட்டுகிற மாதிரி காட்டினார். “வா, வா, வா, இடது பக்கம் ஒடி, நேரா உள்ள வா.”