ஜீனத்துக்காக நான் அழுத்திய பதில்

3-10-99, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. இந்த மாதம் ரத்தப் பரிசோதனை உண்டு, மறக்கக் கூடாது.

பிரவுசிங் சென்டர். ஆஸ்பத்திரியில் பழக்கமான ஜீனத்துக்கு நான் திறந்து கொடுத்த ஈமெயிலில் ஒரு கடிதம். "உங்கள் பதில்கள் மிகவும் பயனுள்ளவை. இரண்டாம் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள்." என் ஈமெயிலில் ஒன்றும் இல்லை. மூன்று முறை பார்த்தேன். இல்லை.

மதுரை டாக்டரின் உதவியாளர் எங்கள் இரண்டு பேருக்கும்தான் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். எங்களைப் போல மனநிலை ஏறி இறங்கும் வியாதிக்காரர்களிடம் இன்டர்நெட்டில் கேள்வி கேட்கிறார்கள். பெயர் வேண்டாம், ஒரு நம்பர் போதும். ஜீனத்துக்கு ஆங்கிலம் தெரியாது. கேள்வியைத் தமிழில் சொன்னவள் நான். பதிலை அழுத்தியவள் நான். பி.காம். படித்தவள் நான். தேர்வானது அவள்.

வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்.

5-10, செவ்வாய்
மில் ஆபீசில் ஏழு கடிதம் டைப். மூன்றில் தப்பு. மானேஜர் முறைத்தார்.

என்னை ஏன் எடுக்கவில்லை? இன்று புரிந்தது. எல்லாக் கேள்விக்கும், பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வது போலப் பதில் சொல்லியிருக்கிறேன். தூக்கம்? நன்றாக. அழுகை? இல்லை. கோபம்? எப்போதாவது. பத்து வருடப் பழக்கம். வாசலில் ஆள் சத்தம் கேட்டாலே அம்மா, "ஏட்டி, மாத்திரை டப்பாவ உள்ள வையி. யாரு கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்லு" என்பாள். பெயரே கேட்காத இடத்திலும் போய் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மடச்சி.

ஜீனத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவள் வீட்டுக்காரர் காதர் அண்ணன், ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக் கடை. மாதாமாதம் கடையைச் சாத்திவிட்டு அவளுடன் மதுரைக்கு வருவார், ஃபிளாஸ்க்கில் டீயோடு. "இவளுக்கு இந்த வாரம் கொஞ்சம் எறக்கம்" என்று பக்கத்து பெஞ்சுக்காரரிடம் சொல்வார், சளி பிடித்ததைச் சொல்வது போல. அந்தக் கடிதத்தைவிட அந்த ஃபிளாஸ்க்தான் எனக்கு அதிகம் எரிகிறது.

கடிதம் வந்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

8-10, வெள்ளி
ஆபீசுக்கு போன் செய்தாள். "அக்கா, எதாச்சும் வந்துச்சா?"

சொல்லித் தொலைத்தேன்.

"சரிக்கா. ஞாயித்துக்கெழம வாரேன்." அவ்வளவுதான். குரலில் உயிரே இல்லை. கிடைத்தவளுக்கு அருமை தெரிகிறதா பார்.

தலைக்குச் சீயக்காய். அம்மாவுக்கு முட்டித் தைலம்.

10-10, ஞாயிறு
நல்ல வெயில். லைன் இரண்டு முறை கட்.

காதர் அண்ணன் அவளை சென்டர் வாசலில் விட்டுவிட்டுச் சரக்கு எடுக்கப் போனார். உள்ளே நாலு பேர். அதனால் போன முறை செய்தது போலவே. கேள்வியை நான் அவள் காதோரம் சொல்வேன், அவள் என் உள்ளங்கையில் விரல் வைப்பாள். விரலே வைக்காவிட்டால் "இல்லவே இல்லை". ஒன்று, சில நாள். இரண்டு, பாதி நாள். மூன்று, தினமும். அவள் வாய் திறக்க வேண்டாம்.

பதினேழாவது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில், உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா?

மூன்று விரல். அழுத்தி வைத்தாள். கை சில்லென்றிருந்தது.

நான் "இல்லவே இல்லை"யை அழுத்தினேன்.

கை தவறவில்லை. இதற்கும் மூன்று என்றால் அடுத்த சுற்றும் இவளுக்குத்தான் என்று தோன்றியது. வேறு காரணம் இல்லை. வகுப்பில் எனக்கு முன்னால் மார்க் வாங்குகிறவள், அப்படித்தான் அந்த நிமிடம் அவளைப் பார்த்தேன்.

"முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்சுது."

ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். பாதியை வைத்துவிட்டாள்.

11-10, திங்கள்
மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக சென்டருக்கு. ஜீனத்துக்கு வந்த கடிதத்திலிருந்த முகவரியைத் திறந்து என் நம்பரைப் போட்டேன். ஏற்றுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் "தினமும்". அவளைவிட மோசமானவளாக ஆகிவிடுவது என்று முடிவு. பதினேழாவதுக்கும் "தினமும்".

அடுத்த கேள்வி வரவில்லை. பெரிய எழுத்தில் ஒரு பக்கம் வந்தது. "தயவுசெய்து தனியாக இருக்காதீர்கள். நெருங்கிய ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். மருத்துவரைப் பாருங்கள்."

நேற்று ஜீனத்துக்கு வந்திருக்க வேண்டிய பக்கம். வரவிடாமல் செய்தது நான்.

ஆபீசுக்குத் திரும்பவில்லை. ஸ்ரீவி. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

ஜீனத் அடுப்படியில், ஊறப்போட்ட அரிசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுப்புப் பற்ற வைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை மறைத்தது, பதிலை மாற்றியது, பொறாமை என்பது உட்பட.

ஊறிய அரிசியை ஒரு முறை கையால் அளைந்தாள். பிறகு, "அந்தப் பொட்டிக்கு நீ என்னமும் சொல்லிக்கோக்கா. நான் பொட்டிக்கா சொன்னேன்? ஒங்கையிலதான வச்சேன்."

"அண்ணன்ட்டச் சொல்லலையா?" என்றேன்.

"அவிய அம்புட்டுப் பிரியமா இருக்காக. அவியள்ட்டப் போயி எப்படிச் சொல்ல? ஒடஞ்சு போயிருவாக."

"நான் சொல்லட்டுமா?"

சரியென்று தலையை ஆட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை அவளோடு உட்கார வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். காதர் அண்ணன் கேட்டுவிட்டு, கையிலிருந்த குடத்தைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றார்.

12-10, செவ்வாய்
முதல் பஸ்ஸில் மதுரை. மூன்று பேரும். மாத்திரை மாற்றம். அவளைத் தனியாக விடக் கூடாது. இரவில் அண்ணன், பகலில் நான். லீவு லெட்டர் எழுத வேண்டும். மானேஜர் குதிப்பார், குதிக்கட்டும்.

டாக்டர் அவளோடு முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கு எப்போதும் ஐந்து நிமிடம்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதையும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் கெட்டவள். இன்றைக்குமா? இன்றைக்கும்தான். எரிந்தது. எரிந்தால் எரியட்டும். அவள் இருக்கட்டும்.